தேதிப் பலகை எழுதுவது எப்படி: பாம்பன் கரையிலிருந்து ஒரு டீச்சர்

எங்கள் ஊர் நூலகத்து வாசலில் ஒரு கரும்பலகை நிற்கிறது. நாலடி அகலம், மூன்றடி உயரம். பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்ற மறு வாரமே அதை எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் ‘தமிழ்நாட்டு வரலாற்றில் இன்று’ என்று தலைப்புப் போட்டு அடியில் நாலு வரி எழுதுகிறேன். கடலுக்குப் போய்த் திரும்பி டீ குடிக்க வருகிறவர்கள், பாசி எடுக்கப் போகிற பெண்கள், பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் வாசிக்கிறார்கள். பக்கத்து ஊர்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் ஊரிலும் இதுபோல் ஆரம்பிக்க வேண்டும், எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு தயார் செய்யுங்கள். பலகை அப்புறம். நாளுக்கு ஒரு பக்கம் இருக்கும் பழைய டைரி போதும். அதில் அச்சடித்திருக்கும் வருடத்தையும் கிழமையையும் கண்டுகொள்ள வேண்டாம், தேதிதான் முக்கியம். பிப்ரவரி 29 இல்லாத டைரி என்றால் ஒரு தாளைச் செருகி ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தச் செய்தி கிடைத்தாலும் அந்தத் தேதிப் பக்கத்தில் வருடத்தை இடது ஓரம் போட்டு எழுதுங்கள். யாரோ சொல்லிக் கேட்டதைப் பென்சிலில் எழுதுங்கள். இரண்டு இடத்தில் பார்த்து ஒத்துப்போனால் அதன் மேல் பேனாவால் எழுதுங்கள். பென்சிலில் இருப்பது பலகைக்குப் போகக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நான் எதற்காகவும் தளர்த்துவதில்லை.

வலது ஓரத்தில் இன்னொரு குறிப்பு வேண்டும்: அந்தச் சம்பவத்தில் இன்றைக்கும் கண்ணால் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? பாலத்துத் தூணா, கல்வெட்டா, இடிந்த சுவரா, ஒரு தெருவின் பெயரா? பேருந்து வருவதற்குள் வாசித்துவிட்டுப் போகிற பிள்ளை, சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். என் ஆசை அதுதான். சென்னையில் நடந்ததை எழுதினாலும் அதற்கு ஒரு நுனி நம் கரையில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அக்டோபர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி பிறந்த நாள், நாடு முழுக்கத் தெரியும். தமிழ்நாட்டுக்கு அந்தத் தேதியில் இன்னும் இருக்கிறது. 1963-இல் அதே நாளில்தான் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 1975-இல் அதே நாளில்தான் மறைந்தார். 1988-இல் அதே நாளில்தான் ராஜீவ் காந்தி நம் பாம்பன் ரோட்டுப் பாலத்தைத் திறந்துவைத்தார். என் பலகையில் அன்றைக்கு இப்படி எழுதியிருந்தேன்:

அக்டோபர் 2
1963 – காமராஜர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.
1975 – காமராஜர் சென்னையில் காலமானார்.
1988 – பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை தீவுக்கு ரயில் அல்லது படகு மட்டுமே.

கடைசி வரியில் இரண்டாவது வாக்கியம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் நின்றார்கள். ஒரு தாய், முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது நிறைமாதத்தில் ரயிலுக்குக் காத்திருந்து ராமநாதபுரம் போன கதையை அங்கேயே நின்று சொன்னார். தேதியை மட்டும் எழுதினால் வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் வாய் திறந்து பேசுவார்கள்.

சரி, சரிபார்ப்பதற்கு வருவோம். இதற்குத்தான் நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

நான் எழுத ஆரம்பித்த முதல் வருடம், தனுஷ்கோடிப் புயலை டிசம்பர் 23 என்று எழுதினேன். பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். காலையில் எழுதிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பத்து மணி வாக்கில் ஓர் ஆத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் வாசித்துச் சொல்லக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். “டீச்சரம்மா, நேத்து ராத்திரி நாங்க விளக்கு ஏத்தி வச்சு அழுதோம். நீங்க இன்னிக்கு எழுதியிருக்கீங்களே. எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை ராத்திரிம்மா” என்றார். கோபமே இல்லை அவர் குரலில். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவர் போன பிறகு கிழமையைக் கணக்குப் போட்டேன். 1964-ஆம் வருட நாட்காட்டியும் 2020-ஆம் வருட நாட்காட்டியும் தேதிக்குத் தேதி ஒன்றுதான். இரண்டும் லீப் வருடம், நடுவில் 56 வருடம். இருபத்தெட்டு வருடத்துக்கு ஒரு முறை நாட்காட்டி அப்படியே திரும்பி வரும். 1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. ஆத்தா சொன்னது அச்சாகச் சரி. புயல் கரையைத் தாக்கியது 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அலையில் போனதும் அந்த இரவில்தான். செய்தி வெளியே தெரியவந்தபோது தேதி மாறிவிட்டிருந்தது. பிழைத்தவர்களுக்கு அது 22-ஆம் தேதி இரவு.

அன்றிலிருந்து என் பலகையில் ‘டிசம்பர் 22 இரவு – 23 அதிகாலை’ என்று எழுதுகிறேன். 22-ஆம் தேதி மாலையிலேயே எழுதிவிடுவேன், 23 மாலை வரை துடைப்பதில்லை. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: ராத்திரி நடந்த எதையும் ஒரே தேதிக்குள் அடைக்காதீர்கள். பாரதியார் மறைவும் இப்படித்தான். 1921 செப்டம்பர் 11 இரவு தாண்டி, 12-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐத்தான் மகாகவி நாளாக அறிவித்திருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள், ‘நள்ளிரவு தாண்டி’ என்ற இரண்டு வார்த்தை குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வயதானவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. “எந்தத் தேதி?” என்று கேட்டால் கைவிரிப்பார்கள். “அப்போ வாடைக் காற்றா, சோளகக் காற்றா? கச்சத்தீவு திருவிழாவுக்கு முன்னாலா, பின்னாலா? உங்க மூத்த பிள்ளை அப்போ நடந்துச்சா, தவழ்ந்துச்சா? என்ன கிழமை?” என்று கேளுங்கள். கடல் தொழில் செய்கிறவர்களுக்குக் காற்றும் கிழமையும் மறக்காது. காற்று மாதத்தைக் காட்டும், பிள்ளை வருடத்தைக் காட்டும், கிழமை தேதியை உறுதி செய்யும். 1914-ஆம் வருட நாட்காட்டி 2026-க்குப் பொருந்தும். பாம்பன் ரயில் பாலம் திறந்த 1914 பிப்ரவரி 24 என்ன கிழமை என்று பார்க்க 2026 காலண்டரைப் புரட்டினால் போதும்: செவ்வாய். ஆனால் 1900-க்கு முன்னால் போனால் இந்த இருபத்தெட்டு வருடக் கணக்கு உதவாது. 1900 நாலால் வகுபட்டாலும் லீப் வருடம் இல்லை. விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் வந்து இறங்கிய 1897 ஜனவரி 26-க்கு இந்தக் கணக்கைப் போட்டு நான் ஒரு முறை தவறான கிழமைக்குப் போனேன்.

செப்பேடு, கல்வெட்டுத் தேதிகளை அவசரப்பட்டு ஆங்கிலத் தேதி ஆக்காதீர்கள். சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளில் சக ஆண்டும் தமிழ் வருடப் பெயரும் மாதமும் இருக்கும். சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், தை மாதம் போன்ற வருடக் கடைசி மாதங்களுக்கு 79. வருடம்வரை இது நம்பிக்கையானது. ஆனால் தமிழ் மாதம் பிறக்கிற ஆங்கிலத் தேதி எழுபது வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் நகரும். இன்றைக்குச் சித்திரை ஒன்று ஏப்ரல் 14 என்பதால் முந்நூறு வருடத்துக்கு முன்னும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் செய்திகளை நான் டைரியின் கடைசித் தாள்களில் ‘வருடம் மட்டும்’ என்று தலைப்புப் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். எந்தத் தேதிக்கும் செய்தி கிடைக்காத நாளில் அதிலிருந்து ஒன்றை எடுத்து, தேதி போடாமல் எழுதுவேன். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா ஹிஜ்ரிக் கணக்கில் நகரும், ராமேசுவரம் ஆடித் திருக்கல்யாணம் பஞ்சாங்கப்படி நகரும். இவற்றையும் ஆங்கிலத் தேதிப் பக்கத்தில் எழுதி வைக்காதீர்கள், அடுத்த வருடம் அது தப்பாகிவிடும்.

சில விஷயங்களுக்கு உண்மையிலேயே இரண்டு மூன்று தேதிகள் இருக்கும். நம் மாநிலத்தின் பெயரே அப்படித்தான். 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலமாகப் பிரிந்தோம், பெயர் சென்னை மாநிலம்தான். 1967 ஜூலை 18-இல் தமிழ்நாடு என்று பெயர் மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று, பெயர் நடைமுறைக்கு வந்தது. நான் முதலில் நவம்பர் 1-ஐ ‘தமிழ்நாடு உருவான நாள்’ என்று எழுதினேன். இப்போது அரசு ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுகிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “எது டீச்சர் சரி?” என்று கேட்டான். மூன்றும் சரி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு காரியம் நடந்தது. அதனால் வினைச்சொல்லைச் சரியாகப் போடுங்கள்: ‘பிரிந்தது’, ‘தீர்மானம் நிறைவேறியது’, ‘நடைமுறைக்கு வந்தது’. ‘உருவானது’ என்ற பொதுச் சொல்தான் என்னைத் தவறாக எழுத வைத்தது.

கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கும் அதே பாடம். 1974 ஜூன் 26-இல் கொழும்பில் ஒரு கையெழுத்து, ஜூன் 28-இல் டெல்லியில் ஒரு கையெழுத்து. எங்கள் ஊரில் இது வீட்டுக்கு வீடு வலிக்கிற விஷயம். வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர், படகை இழந்தவர், சிறையில் இருந்துவிட்டு வந்தவர் எல்லாரும் இந்தப் பலகையைக் கடந்து போகிறார்கள். அதனால்தான் இரண்டு தேதியையும் இரண்டு ஊரையும் தவறாமல் எழுதுகிறேன். 1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லை பற்றி இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறவர்கள் நிறைய. ஒன்று ஜூன், ஒன்று மார்ச் என்று பலகையில் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் குறையும்.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும் தேதியைப் போலவே ஆளை ஏமாற்றும். ராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910-இல். 1985-இல் அது மூன்றாகப் பிரிந்து விருதுநகரும் சிவகங்கையும் தனியாகப் போயின. ஆகவே தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956 ஜூலை 27-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், அன்றைய கணக்கில் நம் மாவட்டத்தில்தான் உட்கார்ந்தார். அக்டோபர் 13-இல் உயிர் விட்டார். இதைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதே ஊரில் 1903 ஜூலை 15-இல் பிறந்த காமராஜரை ‘ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தார்’ என்று எழுதினால் பிழை. அப்போது நம் மாவட்டமே இல்லை.

ஜூலை 27 பக்கத்தை நிரப்பும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்தில் நாலு வரி இருக்கிறது. 1956, சங்கரலிங்கனார். 2015, அப்துல் கலாம் ஷில்லாங்கில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது சரிந்து காலமானார். 2017, ராமேசுவரம் பக்கம் பேக்கரும்பில் அவர் நினைவிடம் திறப்பு. அதே நாளில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையும் திறப்பு. முதல் இரண்டும் தானாக வந்த நாள்கள். பின் இரண்டும் பார்த்து வைத்த நாள்கள். திறப்பு விழாக்களை ஒரு நினைவு நாளிலோ பண்டிகையிலோ வைப்பது வழக்கம். பாம்பனில் புது ரயில் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 ராமநவமி. மாநிலத்துக்குப் பெயர் வந்த நாள் பொங்கல். இப்படிப்பட்டவற்றைப் பலகையில் எழுதும்போது ‘என்ன தற்செயல்!’ என்கிற தொனி வரவே கூடாது, ஏன் அந்த நாளைத் தேர்ந்தார்கள் என்று அரை வரி சொல்லிவிடுங்கள். பிப்ரவரி 24 அப்படியில்லை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் 1948-இல் ஜெயலலிதா பிறந்ததும் ஒரே தேதியில் விழுந்தது, அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்தில் பலகை எழுதுகிறவர் இரண்டு தேதிகளில் மனசைத் திடமாக வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் 30: முத்துராமலிங்கத் தேவர் 1908-இல் பிறந்ததும் 1963-இல் மறைந்ததும் அதே நாள். செப்டம்பர் 11: 1957-இல் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்ட நாள். இரண்டையும் எழுதுங்கள். ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறச் சாக்பீஸில், அடைமொழி இல்லாமல், பெயர், வருடம், ஊர், நடந்தது, அவ்வளவே. ஒன்றை எழுதி மற்றதை விட்டால் பலகையின் மேல் ஊருக்கு இருக்கும் நம்பிக்கை அன்றோடு போய்விடும். இதில் யார் என்ன சொன்னாலும் நான் மாற்றிக்கொண்டதில்லை.

எண்ணிக்கை எழுதும்போதும் கவனம். புயலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள்? நான் ‘ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆளுக்கு ஆள் மாறாத எண்ணைத் தாராளமாக எழுதலாம்: அந்தப் புயலில் சிதைந்த ரயில் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த இரண்டு தேதிகளிலும் வேறு என்ன இருந்தாலும் இந்த வரி இல்லாமல் எங்கள் பலகை இருக்காது.

இனிப் பலகை. உப்புக் காற்றில் மரப்பலகை சீக்கிரம் வெளுத்துவிடும். மாதம் ஒரு முறை கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துத் துணியில் தொட்டுத் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள். கருப்பு நன்றாகப் பிடிக்கும். சாக்பீஸ் ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துப் போகும், ஒரு பிடி அரிசி போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். வாடைக் காலத்தில் பலகையைக் கிழக்கே பார்த்து வைத்தால் சாரலில் எழுத்து கரைந்துவிடும், சுவர் மறைவுக்கு நகர்த்துங்கள். எழுத்து இரண்டு விரல் உயரமாவது வேண்டும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் தெரியணும். காலை ஐந்தரைக்குள் எழுதி முடித்துவிடுங்கள். கரை திரும்புகிறவர்கள் ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள்.

பலகையின் அடியில் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டு, ஒரு துண்டுச் சாக்பீஸை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தெரிந்தவர்கள் எழுதட்டும். ‘எங்க தாத்தா அந்தப் பாலத்துல வேலை பாத்தாரு’, ‘அன்னிக்குப் பாம்பன்ல பெரிய கூண்டு ஏத்துனாங்க’ என்றெல்லாம் வரும். எழுதத் தெரியாதவர்களுக்காக நானே கேட்டு எழுதுவேன். சாயங்காலம் துடைப்பதற்கு முன்னால் அதையெல்லாம் அந்தத் தேதிப் பக்கத்தில் பென்சிலில் ஏற்றிக்கொள்ளுங்கள், சொன்னவர் வயதையும் சேர்த்து. அந்த ஆத்தா சொன்னது என் டைரியில் டிசம்பர் 22 பக்கத்தில் பென்சிலில்தான் முதலில் ஏறியது. இப்போது அதன் மேல் நீலப் பேனா.